எதிலும் குறையே இருக்கக் கூடாது என்று நினைக்கும் மாணவர்கள் உண்மையில் அதிக மதிப்பெண் பெறுகிறார்களா?

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 96 பெற்ற அன்றும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள் என்றும், சென்டம் வாங்கியே தீர வேண்டும் என்ற இந்தப் பிடிவாதம் அவளுக்கு நன்மையா தீமையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவளுடைய இலக்கைக் குறைக்க வேண்டாம், பிழை நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தைத்தான் குறைக்க வேண்டும். உயர்ந்த இலக்கு வைத்து உழைப்பது நல்ல மதிப்பெண்ணோடு ஓரளவு சேர்ந்தே காணப்படுகிறது என்றும், பிழையைப் பற்றிய ஓயாத கவலை சிறிதளவேனும் மதிப்பெண் குறைவோடு சேர்ந்து காணப்படுகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்த அச்சம் தேர்வறையில் என்ன செய்கிறது என்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கணித எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம்; மீதிப் பத்து அகமதிப்பீடு. இருபது ஒரு மதிப்பெண் வினாக்களையும் நான்கு முறை சரிபார்த்துவிட்டு, சரியாகவே போட்ட இரண்டு மதிப்பெண் கணக்கை எழுத்து அழகாக இல்லை என்று அடித்துவிட்டு மீண்டும் எழுதும் மாணவி, இறுதியில் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றைத் தொடாமலே விடைத்தாளைக் கொடுத்துவிடுகிறாள். விடை முழுமையாக வராவிட்டாலும் எழுதிய படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அரைகுறையாக எழுதுவதைக் காட்டிலும் எழுதாமல் விடுவதே மேல் என்று அவள் மனம் முடிவு செய்துவிடுகிறது.

தன்னம்பிக்கை இங்கேதான் குறுக்கிடுகிறது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கிய தன்திறன் நம்பிக்கை, 'நான் கெட்டிக்காரி' என்ற பொதுவான எண்ணம் அன்று. 'இந்த வகைக் கணக்கை என்னால் போட முடியும்' என்ற குறிப்பான நம்பிக்கை. அது நான்கு வழிகளில் வளர்கிறது என்றார் அவர்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர்கள் செய்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கம், உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றுள் முதலாவதே மிக வலியது. உங்கள் மகளின் சிக்கலும் அந்த முதலாவது வழியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனெனில் 96 என்பது அவள் மனக்கணக்கில் வெற்றியாகப் பதிவதே இல்லை; இழந்த நான்கு மட்டுமே பதிகிறது. இப்படி ஒவ்வொரு தேர்விலும் நம்பிக்கைக்கான சான்று கைக்கு வந்தும் அவள் அதை எடுத்துக்கொள்வதில்லை என்பதால், மதிப்பெண் ஏறினாலும் நம்பிக்கை ஏறுவதில்லை. 'உன்னால் முடியும்மா' என்று நீங்கள் நூறு முறை சொன்னாலும் இந்த இடத்தை அது நிரப்பாது.

எதிர்பார்ப்பு யாருடையது என்பதையும் பாருங்கள். 1991இல் ஹெவிட், ஃபிளெட் என்ற உளவியலாளர்கள், தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் எதிர்பார்ப்பையும், தன்னிடம் பிறர் குறையின்மையை எதிர்பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை திரட்டிய தரவுகளைத் தொகுத்த ஆய்வு, இந்த இரண்டாவது வகை 33 விழுக்காடு கூடியிருப்பதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2017 முதல் மாநில முதலிடப் பட்டியலை அரசு வெளியிடுவதில்லை. நல்ல முடிவு அது. ஆனால் வீட்டில் அந்தப் பட்டியல் இன்னும் வாசிக்கப்படுகிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

விடைத்தாள் வந்ததும் 'நாலு மார்க் எங்கே போச்சு?' என்று தொடங்காமல், அவள் போட்ட கடினமான கணக்கு ஒன்றை எப்படி யோசித்தாள் என்று விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அதன் பிறகு, இழந்த மதிப்பெண் தெரியாததால் போனதா, அவசரத்தால் போனதா என்று அவளே பிரித்துப் பார்க்கட்டும். வாரம் ஒருமுறையாவது, எழுதியதை அடிக்காமல், நேரம் வைத்து, எல்லா வினாவையும் தொட்டுவிடும் பயிற்சி செய்யட்டும்.

இத்தனைக்குப் பிறகும் அவள் உணவையும் உறக்கத்தையும் தொடர்ந்து இழந்தால், தேர்வு முடியட்டும் என்று காத்திராமல் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும் பேசலாம்.