ஆள்சேர்ப்பு அஞ்சலட்டை அசலா? முதலில் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: சிகாகோவை ஒட்டிய பெர்வினில், செக் வம்சாவளிக் குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்து விற்றபோது, ஆறு அஞ்சலட்டைகள் வாங்கினேன். முதலாம் உலகப் போரில் செக்கோஸ்லோவாக்கியப் படைக்கு ஆள் சேர்க்க, அமெரிக்காவில் குடியேறிய செக் ஓவியர் வரைந்தவை என்றார்கள். இரண்டு தபாலில் போய் வந்தவை. நான்கு புத்தம்புதிதாக இருக்கின்றன. இவை அசல்தானா, துடைத்துச் சட்டம் போட்டு மாட்டலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களில், தபாலில் போன இரண்டைத் தவிர, மற்ற நான்கு அட்டைகளின் முன்பக்கம் மட்டுமே இருக்கிறது. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். ஓவியத்தை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி அச்சிட்டுவிடலாம். அட்டையின் வயதைச் சொல்வது பின்பக்கமும் காகிதமும் மையும்தான்.

முதலில் ஓவியர். அமெரிக்கச் செக் ஆள்சேர்ப்பு அச்சுகளில் முதன்மையான பெயர் வோய்டியெக் ப்ரெய்சிக். 1873-இல் பிறந்த இவர் 1910-இல் அமெரிக்காவுக்குக் குடியேறி, பின்னர் பாஸ்டனில் உள்ள வென்ட்வொர்த் இன்ஸ்டிடியூட்டில் அச்சுக்கலை கற்பித்தார். 1918-இல் அவர் உருவாக்கிய ஆள்சேர்ப்புச் சுவரொட்டிகள் அந்த நிறுவனத்திலேயே அச்சாயின. அவற்றின் சித்திரங்கள் அஞ்சலட்டை வடிவிலும் புழங்கின. பிரான்சில் இதே பணியைச் செய்தவர் பாரிஸில் குடியேறியிருந்த ஃபிரான்டிஷெக் குப்கா; பிரெஞ்சுப் படையில் தொண்டராகச் சேர்ந்து போர்முனைக்கே போனவர். எனவே பின்பக்கத்தில் பிரெஞ்சு இருந்தால் அட்டை போலி என்று முடிவுகட்ட வேண்டாம். அது வேறு வரிசையைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

உங்கள் மூன்றாவது அட்டையை எடுத்து, அதிலுள்ள கொடியைப் பாருங்கள். வெள்ளையும் சிவப்பும் பட்டைகளாக இருக்க, கம்பத்தின் பக்கம் நீல முக்கோணம் ஒன்று நுழைந்திருக்கிறது. அந்த முக்கோணத்தோடு கூடிய கொடி சட்டப்படி ஏற்கப்பட்டது 1920 மார்ச் 30-இல். ஆகவே அதை 1918-ஆம் ஆண்டு ஆள்சேர்ப்பு அட்டையாக நான் ஏற்க மாட்டேன். போருக்குப் பிந்தைய நினைவு வெளியீடாகவோ, இரண்டாம் உலகப் போரில் லண்டனிலிருந்து இயங்கிய செக்கோஸ்லோவாக்கிய அரசின் காலத்ததாகவோ இருக்கலாம். அதனால் அது குப்பை ஆகிவிடாது, பெட்டியில் வேறு இடத்தில் வையுங்கள், அவ்வளவுதான். 1918-இன் அட்டைகளில் பொஹீமியச் சிங்கம், மொராவியக் கட்டக் கழுகு, சிலேசியக் கருங்கழுகு, ஸ்லோவாக்கிய இரட்டைச் சிலுவை போன்று அந்தந்தப் பகுதியின் தனித்தனிச் சின்னங்களை எதிர்பார்க்கலாம். நாட்டுக்குப் பொதுவான கொடி அப்போது முடிவாகவில்லை.

தபாலில் போன இரண்டையும் முத்திரையோடு சேர்த்துப் படியுங்கள். அமெரிக்காவில் உள்நாட்டு அஞ்சலட்டைக் கட்டணம் ஒரு சென்ட்டாக இருந்தது. போர்க்கால வரியால் 1917 நவம்பர் 2 முதல் இரண்டு சென்ட் ஆகி, 1919 ஜூலை 1-இல் பழையபடி ஒரு சென்ட்டுக்கு இறங்கியது. உங்கள் முதல் அட்டையில் சிவப்பு இரண்டு சென்ட் தபால்தலையும் 1918 ஆகஸ்ட் முத்திரையும் இருக்கின்றன, கணக்கு சரி. இரண்டாவதில் பச்சை ஒரு சென்ட் தபால்தலை, முத்திரையில் தேதி மங்கல். உள்நாட்டுக்குள் அனுப்பியது என்றால், அச்சான ஆண்டு 1918 என்பதால், அது 1919 ஜூலைக்குப் பிறகே தபாலில் போயிருக்க வேண்டும்; அதாவது போர் முடிந்தபின் மீந்துபோன அட்டையை யாரோ நலம் விசாரிக்கப் பயன்படுத்தியிருக்கிறார். இதைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. எனக்கென்னவோ அந்த நான்கு புதிய அட்டைகளைவிட இதுவே சுவையானதாகத் தோன்றுகிறது.

அடுத்து, பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ப்ரெய்சிக்கின் சித்திரங்கள் தட்டையான சில நிறங்களில் அமைந்தவை; லென்ஸில் நிறம் ஒரே பரப்பாகவும், எழுத்தின் ஓரத்தில் மை சற்றே பிதுங்கிக் கோடுபோலவும் தெரிய வேண்டும். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூவிதழ்போல் வட்டமாகக் கூடி நின்றால் அது பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பு. ஒழுங்கில்லாமல் தெறித்த துளிகளாக இருந்தால் வீட்டு இங்க்ஜெட் அச்சு. ஒற்றை நிறப் புள்ளி மட்டும் கண்டு பயப்பட வேண்டாம், போர்க்காலப் புகைப்பட அட்டைகளிலும் அது உண்டு. பின்னர் இருட்டறையில் புறஊதா விளக்கைக் காட்டுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் ஏறத்தாழ 1950-களில்தான் பரவலானது. அட்டை நீலவெண்மையாக ஒளிர்ந்தால் அது 1918-இன் காகிதம் அல்ல. ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தம் இல்லை, ஒரு சோதனையில் தப்பித்தது என்று மட்டும் கொள்ளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, ஏலத் தளங்களில் கேட்கப்படும் தொகையை விட்டுவிட்டு, உண்மையில் விற்று முடிந்த தொகையைப் பாருங்கள்; இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது. மடிப்பற்ற, எழுதப்படாத அட்டைக்கே விற்பவர்கள் கூடுதலாகக் கேட்பார்கள். இந்த வகையில் நான் அதை ஏற்பதில்லை. அமெரிக்கப் படைக்குக் கட்டாய ஆள்சேர்ப்பில் அழைக்கப்படக்கூடியவர்கள் செக்கோஸ்லோவாக்கியப் படையில் சேர முடியாது என்பதால், இந்த அட்டைகள் அழைத்த ஆட்களின் வட்டம் சிறியது. அந்தப் படையில் சேர அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குப் போன தொண்டர்கள் 2,000-க்குச் சற்று மேல்தான். அப்படிப்பட்ட ஒருவரின் கையெழுத்தும் முகவரியும் உள்ள அட்டை, கசங்கியிருந்தாலும், வெற்று அட்டை சொல்லாததைச் சொல்லும்.

துடைப்பதா? வேண்டாம். அழிப்பான், ஈரத்துணி, வெள்ளைப் பெட்ரோல் எதுவும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். தபால்தலையைப் பெயர்க்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து மையில் ஒட்டும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறையில் இட்டு, அமிலமற்ற பெட்டியில் நிறுத்திவையுங்கள். பெட்டியை நிலவறையில் வைக்காமல் வீட்டுக்குள் அலமாரியில் வையுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. சுவரில் மாட்டும் ஆசை இருந்தால் நல்ல ஸ்கேன் எடுத்து அதன் பிரதிக்குச் சட்டம் போடுங்கள். சிவப்பு மை வெயிலில் முதலில் வெளுக்கும்.

ப்ரெய்சிக் 1930-இல் தாயகம் திரும்பினார். நாஜி ஆக்கிரமிப்பின்போது தலைமறைவு இதழ் ஒன்றுக்குப் பணியாற்றியதற்காகக் கைதாகி, 1944-இல் டாஹாவ் வதைமுகாமில் இறந்தார். அவர் கையொப்பமுள்ள அட்டைகளுக்குச் செக் சேகரிப்பாளர்கள் போட்டியிடுவதில் இதற்கும் பங்குண்டு. போலிகள் தலையெடுப்பதும் அங்கேதான். மீதமுள்ள நான்கு அட்டைகளின் பின்பக்கத்தையும், அச்சகத்தின் பெயர் தெரியும்படி, படமெடுத்து அனுப்புங்கள்.