காரத்தன்மை கொண்ட நீரைக் குடித்தால் இரத்தத்தின் பிஎச் (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்; அமிலம் கூடினால் இது குறையும்) உயருமா?

நலமான உடலில் உயராது. தமனி இரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரையிலான குறுகிய எல்லைக்குள்ளேயே நிற்கிறது. குடிக்கும் நீரோ முதலில் சென்று சேர்வது இரைப்பையின் கடுமையான அமிலத்தில்.

உண்மையில் உடலுக்கு அமிலம் வருவது பெரும்பாலும் உள்ளிருந்துதான். செல்கள் ஆற்றலுக்காக உணவை எரிக்கும்போது உருவாகும் கார்பன் டை ஆக்சைடு, இரத்தத்தில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜன் அயனிகளை வெளியிடுகிறது. அவற்றை ஹீமோகுளோபின் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்ள, நுரையீரல் அந்த வாயுவை மூச்சுடன் வெளியேற்றிவிடுகிறது. அமிலம் சற்றுக் கூடினாலும் மூச்சு சில நிமிடங்களுக்குள் வேகமெடுக்கும். புரதச் சிதைவில் தோன்றும் கந்தக அமிலம் போன்றவை மூச்சில் வெளியேற இயலாதவை. அவற்றை இரத்தத்திலுள்ள பைகார்பனேட் உடனடியாக நடுநிலைப்படுத்த, சிறுநீரகங்கள் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் மெதுவாக இயங்கி, அமிலத்தைச் சிறுநீரில் கழித்து, செலவான பைகார்பனேட்டை மீண்டும் உருவாக்குகின்றன.

சிறுநீரின் பிஎச் ஏறத்தாழ 4.5 முதல் 8 வரை ஊசலாடுவது இதனால்தான். அதைச் சோதனைத் தாளில் பார்த்துவிட்டு ‘உடலே அமிலமாகிவிட்டது’ என்று அஞ்சுவது, என் பார்வையில், வேலை ஒழுங்காக நடப்பதையே நோயென்று கொள்வதாகும். நீரிழிவு கட்டுமீறிக் கீட்டோன் அமிலங்கள் பெருகும்போதும், சிறுநீரகம் செயலிழக்கும்போதும் இரத்தத்தின் பிஎச் 7.35க்குக் கீழே இறங்கக்கூடும். அதற்கு மருத்துவச் சிகிச்சையே தேவை.