கடினமான ஈயம்தான் நல்லதா?

கேள்வி: ஐயா, ஓஹையோவில் வசிக்கிறேன். என் .357 மேக்னம் ரிவால்வருக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறேன். காகிதக் குறியைச் சுடுவதற்கு விநாடிக்கு 750 அடி வேகமே எனக்குப் போதும். 'மிகக் கடினம்' என்று அச்சிட்ட ஈயக் குண்டுகளை வாங்கினேன். ஐம்பது சுடுவதற்குள் குழலில் ஈயம் அப்பிக்கொள்கிறது. ஏன்?

பதில்: தம்பி, அந்தக் கடினம்தான் காரணமாக இருக்க வேண்டும். மென்மையான குண்டின் அடி, வாயு அழுத்தத்தில் சற்று விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். உங்கள் மெதுவான தோட்டாவின் அழுத்தம் கடினமான குண்டை விரிக்காது. சூடான வாயு இடுக்கில் புகுந்து ஈயத்தை அரித்து, குழலின் தொடக்கத்திலேயே பூசிவிடும். நானும் இதே தவற்றைச் செய்து, பித்தளை வலை சுற்றிய கம்பியால் ஒரு மாலை முழுவதும் தேய்த்திருக்கிறேன். வெள்ளித் தாளைப்போல் நீள நீளமாக உரிந்து வந்தது.

கடினத்துக்கும் முந்தியது அளவு. சிலிண்டரைக் காலி செய்து, ஒரு குண்டை அதில் தோட்டா உட்காரும் அறையின் முன்வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். லேசான இறுக்கத்தோடு வழுக்கிப் போக வேண்டும். தானாக விழுந்தால் அது சிறியது. எந்த உலோகக் கலவையும் உதவாது. பெரும்பாலான .357 ரிவால்வர்களுக்கு 0.358 அங்குலக் குண்டு பொருந்தும்.

உங்கள் வேகத்துக்குச் சிறிது வெள்ளீயம் கலந்த மென்மையான ஈயம், கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் 8 முதல் 10 வரை, போதும். விநாடிக்கு 1,000 அடியை ஒட்டிச் சுட்டால் 12. 1,200 அடியைத் தாண்டினால் 15 அளவும், அடியில் செப்புக் கிண்ணம் பொருத்திய குண்டும் வேண்டும். 1935இல் மேக்னம் வந்தபோது, அந்த வேகத்தில் வெறும் ஈயக் குண்டுகள் குழலை ஈயத்தால் நிறைத்தது ஊரறிந்த புகார்.

ஓர் எச்சரிக்கை. அடி குழிந்த, தட்டை முனைக் குண்டுகளை மெதுவான தோட்டாவுக்கு மட்டுமே வையுங்கள். வேகத்தைக் கூட்டினால் குழியைச் சுற்றியுள்ள மெல்லிய விளிம்பு கிழிந்து குழலுக்குள்ளேயே தங்கிவிடலாம். அடுத்த குண்டு அதில் மோதினால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் கூடும். வெடிமருந்தின் அளவையும் தயாரிப்பாளரின் அட்டவணையில் அதே குண்டுக்கு உரியபடிதான் எடுக்க வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள்.

மென்மையான குண்டில் இருபது மட்டும் நிரப்பிச் சுட்டுப் பாருங்கள். ஈயம் மறுபடி படிந்தால், குழலின் தொடக்கத்திலா, குண்டு வெளியேறும் முனைப் பக்கமா என்று பார்த்து எழுதுங்கள். முனைப் பக்கம் என்றால், வழுக்குவதற்காகக் குண்டில் பூசிய மெழுகு பாதி வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது.