செட்டிநாட்டுக்கு ரெண்டு நாள் பயணம்: கேளுங்க, சொல்றேன்

காரைக்குடிப் பக்கம் சுத்திப் பார்க்க வர்றவங்க கேள்விக்கெல்லாம் இன்னைக்குப் பதில் சொல்றேன். எனக்கு ஊர் பள்ளத்தூர். 28 வருஷமா பழைய வீடுகள்ல மராமத்து வேலை: ஓடு மாத்துறது, சுண்ணாம்புப் பூச்சு, உளுத்த உத்தரத்தை இறக்கி வேற ஏத்துறது. வீட்டைப் பத்தி எவ்வளவு கேட்டாலும் சொல்வேன்.

கேள்வி (சென்னை): சனி, ஞாயிறு ரெண்டே நாள். சின்னப் பிள்ளைங்க ரெண்டு பேர். எப்படிப் பிரிச்சுக்கலாம் அண்ணே?

வெள்ளிக்கிழமை எழும்பூர்ல பல்லவன் ரயில் ஏறிட்டா ராத்திரி காரைக்குடி. சனிக்கிழமை காலை 8 மணிக்கெல்லாம் கானாடுகாத்தான் தெருவுல நிக்கணும். வெயில் ஏறுறதுக்குள்ள தெருவை நடந்தே பாருங்க. அங்கிருந்து ஆத்தங்குடி, பக்கம்தான். வீடு ஒண்ணு, தரைக்குப் பதிக்கிற பூக்கல் (டைல்ஸ்) போடுற பட்டறை ஒண்ணு. மதியம் சாப்பிட்டுத் தூங்குங்க. சாயங்காலம் காரைக்குடியில கொப்புடையம்மன் கோயில், கம்பன் மணிமண்டபம், அங்கேயே தமிழ்த்தாய் கோயில்.

ஞாயிறு விடியக்காலை பிள்ளையார்பட்டி. பாறையைக் குடைஞ்ச கோயில், பிள்ளையாருக்கு ரெண்டே கை, தும்பிக்கை வலது பக்கம் திரும்பியிருக்கும். அப்படியே குன்றக்குடி. மதியத்துக்கு மேல நேரம் இருந்தா திருமயம் கோட்டை, 1687-ல சேதுபதி கட்டினது. திரும்ப, ராமேஸ்வரத்துல இருந்து வர்ற ராத்திரி ரயில்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: பகல் 12-லிருந்து 4 வரைக்கும் கோயிலை நம்பித் திட்டம் போடாதீங்க. நடை சாத்தியிருக்கும்.

கேள்வி (பெங்களூரு): கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடி அரண்மனை, ரெண்டுல எது பெட்டர்?

முதல்ல அந்தச் சொல்லைச் சரி பண்ணிக்குவோம் தம்பி. கானாடுகாத்தான் ராஜா வீட்டை அரண்மனைன்னு சொல்றதுல நியாயம் இருக்கு. 1929-ல அண்ணாமலை செட்டியாருக்கு வெள்ளைக்காரன் ராஜா பட்டம் கொடுத்தான். மத்ததெல்லாம் வீடு. வியாபாரம் பண்ணினவங்க குடும்பம் நடத்தின வீடு, இன்னைக்கும் கல்யாணமும் படைப்பும் நடக்குற வீடு. அரண்மனைன்னு நினைச்சு வர்றவங்க சிம்மாசனத்தைத் தேடுறாங்க. வீடுன்னு நினைச்சு வந்தா பார்க்க வேண்டியது தானா கண்ணுல படும்.

ராஜா வீட்டை வெளியில இருந்து பார்க்கலாம். ஆத்தங்குடியில பெரிய வீட்டுக்குள்ள கட்டணம் கொடுத்துப் போகலாம். அதனால ஆத்தங்குடி.

உள்ள போறப்ப இப்படிப் பாருங்க. திண்ணை ஏறி முகப்புல நின்னா எதிர்ல நிலைக்கதவு. அந்தத் தேக்கு பர்மாவுல இருந்து கப்பல்ல வந்தது. நிலைக்கு மேல கஜலட்சுமி செதுக்கியிருக்கும், அண்ணாந்து பாருங்க. நிலையைத் தாண்டினதும் உடனே மேல கூரையைப் பார்க்காம, நேரா பாருங்க. வளவு (முதல் முற்றமும் அதைச் சுத்தின தாழ்வாரமும்), ரெண்டாங்கட்டு, அடுப்படிக்கட்டு, கடைசியில பின்வாசல் வரைக்கும் ஒரே கோட்டுல வெளிச்சமும் நிழலுமா மாறி மாறித் தெரியும். பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கும்.

முற்றத்தைச் சுத்தி வளவுல வரிசையா சின்னச் சின்னக் கதவு இருக்கும். அதை இரட்டை வீடுன்னு சொல்லுவாங்க, ஒரு அறைக்குள்ள இன்னொரு அறை. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணு. சாமான், நகை, பாத்திரமெல்லாம் அதுக்குள்ள. பூட்டியிருக்கிற கதவைத் தள்ளிப் பார்க்காதீங்க. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு குடும்பம் எங்கேயோ சாவி வச்சிருக்கு.

அப்புறம் புறங்கையைச் சுவர்ல வையுங்க. வெளியில சித்திரை வெயில் அடிச்சாலும் குளுகுளுன்னு இருக்கும்.

கேள்வி (திருச்சி): சுவர்ல முட்டை வெள்ளைக்கரு பூசினாங்கங்கிறது நிஜமா, கதையா?

நிஜம். ஆனா சுவர் முழுக்க முட்டை இல்ல. அடியில சுண்ணாம்பும் மணலும், கடுக்காய் ஊறின தண்ணியும் கருப்பட்டியும் சேர்ந்த பூச்சு. அது காயக் காய அடுத்த கை, ஒவ்வொண்ணும் முந்தினதை விட நைசா. கடைசிக் கைக்குத்தான் அரைச்சு அரைச்சு வெண்ணெய் மாதிரி ஆன சுண்ணாம்புல வெள்ளைக்கரு சேரும். பூசி ஈரம் இழுக்குறப்ப வழுவழுன்னு இருக்கிற கல்லால தேய்க்கணும். நேரம் தப்பினா வெடிச்சுரும். அதுக்கு மேல சிமெண்டையும் பெயிண்டையும் பூசிட்டா சுவர் மூச்சு விடாது, உள்ளேயே ஈரம் தங்கிப் பொரிஞ்சு விழும். வீட்டுக்காரங்க யாராவது படிச்சா, தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க.

கேள்வி (கோவை): நல்ல ஹோட்டல், ரூம் வாடகை எவ்வளவு?

அது என் வேலை இல்ல. நேரா அங்கேயே போன் போட்டுக் கேளுங்க. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளையே தங்குற விடுதியா நடத்துறாங்க. ஒரு ராத்திரியாவது அதுல தங்குங்க.

கேள்வி (மதுரை): செட்டிநாட்டுச் சாப்பாடு ரொம்பக் காரமா? பிள்ளைங்களுக்கு ஒத்துக்குமா?

காரம்ங்கிறது வெளியூர்ல போர்டு மாட்டினவங்க கொடுத்த பேரு. வீட்டுச் சமையல்ல கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ வாசம்தான் முன்னாடி நிக்கும். பிள்ளைங்களுக்கு வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கந்தரப்பம் வாங்கிக் கொடுங்க. கவுனி அரிசியை விடாதீங்க, கருப்பா இருக்கும், சீனியும் தேங்காயும் போட்டுச் சாப்பிடறது, அதுவும் பர்மாவுல இருந்து வந்த பழக்கம்தான். அரிசி கழுவின கழனியில வைக்கிற வெண்டைக்காய் மண்டி கிடைச்சா அதிர்ஷ்டம்.

கேள்வி (சேலம்): ரெண்டு நாள்ல என்னென்ன பார்க்கலாம்?

சென்னைக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): ஆத்தங்குடி கல்லைச் சுடுறதே இல்லைங்கிறாங்க. அப்புறம் எப்படி அந்தப் பளபளப்பு?

கண்ணாடிதான் காரணம் தங்கச்சி. பட்டறையில கால் மணி நேரம் உட்கார்ந்தா புரிஞ்சுரும். சதுரமா ஒரு கண்ணாடித் துண்டு, மேல தகட்டுல செஞ்ச பூ அச்சு. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு சிமெண்டுல கரைச்ச வண்ணத்தைக் கரண்டியால அந்தந்தக் கட்டத்துல ஊத்துவாங்க. அடுத்துதான் பார்க்கணும்: அச்சை மெதுவா மேல தூக்குவாங்க, ஒரு வண்ணம் இன்னொண்ணோட கலக்காது. கோடு கத்தியால கீறின மாதிரி நிக்கும். அதுக்கு மேல காஞ்ச மணலும் சிமெண்டும் தூவி, கலவை வச்சு அழுத்தி மட்டம் பண்ணுவாங்க. அப்புறம் தண்ணித் தொட்டியில ஊறப் போடுவாங்க. ஊறி எடுத்துக் காய்ஞ்சா கண்ணாடி தானா கழண்டுரும். கண்ணாடியோட முகம் அப்படியே கல்லுல இறங்கியிருக்கும். நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத்தான் மினுக்கு ஏறும். வாங்கிட்டுப் போறவங்க ஆசிட் ஊத்திக் கழுவாதீங்க, வண்ணம் செத்துப்போயிரும்.

கேள்வி (சென்னை, வேற ஒருத்தர்): பாதி வீடு பூட்டித்தானே கிடக்கு? அரசாங்கமே எடுத்து மியூசியம் ஆக்கலாமே. காசு வாங்கிட்டு வீட்டைக் காட்டுறது நல்லாவா இருக்கு?

இதுக்கு முழுசாப் பதில் சொல்லணும்.

பூட்டியிருக்கிறது வேற, கைவிட்டது வேற. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிங்க. ஒருத்தர் சென்னை, ஒருத்தர் மலேசியா, ஒருத்தர் அமெரிக்கா. எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் ஒரு உத்தரத்தைக்கூட மாத்த முடியும். ஆனா பேரன் கல்யாணம்னா அத்தனை பேரும் அந்த வளவுலதான் வந்து நிப்பாங்க.

காசு விஷயம். நாட்டு ஓட்டை அடுக்கடுக்காக் கவிழ்த்தும் மல்லாத்தியும் வேயணும். குரங்கு ஓடி ஒரு ஓடு விலகிச்சுன்னா அந்த மழையில ஒண்ணும் தெரியாது. அடுத்த மழைக்குப் பலகை கறுக்கும். நாலாவது வருஷம் நான் மேல ஏறிப் பார்த்தா விரல் உள்ள போகும் தேக்குல. போன வருஷம் அப்படி ஒரு உத்தரத்தை இறக்கினோம், வெளியில பார்த்தா கல்லு மாதிரி இருந்தது, உள்ள அத்தனையும் மாவு. நீங்க கொடுக்கிற கட்டணம் அந்த ஓட்டுக்கும் காவக்காரர் சம்பளத்துக்கும் போகுது.

கேள்வி (புதுச்சேரி): இதெல்லாம் பர்மா விவசாயிங்களோட நிலத்துல வந்த பணம்தானே ஐயா? அதையும் சொல்லணும் இல்லையா?

சொல்லணும். செட்டியாருங்க அங்க நிலத்தை அடமானமா வாங்கிக் கடன் கொடுத்தவங்க. 1930-ல நெல் விலை விழுந்தது, விவசாயிங்களால கடனைக் கட்ட முடியல, அடமான நிலமெல்லாம் கைமாறுச்சு. கீழ்ப் பர்மாவோட முக்கியமான நெல் மாவட்டங்கள்ல 1930-ல சுமார் 6 சதவீதமா இருந்த செட்டியார் நிலம் 1937-ல 25 சதவீதம் ஆச்சு. நிலத்தை இழந்தவங்களோட வலி உண்மை. இந்த வீடுகளைக் காட்டுற எல்லாரும் தேக்கு பர்மாவுல இருந்து வந்துச்சுன்னு சொல்றதோட இதையும் சொல்லத்தான் வேணும்.

அதோட பின்பாதியையும் கேட்டுக்கங்க. 1942-ல ஜப்பான்காரன் வந்தப்ப லட்சக்கணக்கான இந்தியர்கள் போட்டது போட்டபடி கிளம்பினாங்க, நிறையப் பேர் காடு மலைன்னு நடந்தே வந்தாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் பர்மா அரசாங்கம் நிலத்தை நாட்டுடைமை ஆக்குச்சு. வரவு நின்னது, அதோட இவ்வளவு பெரிய வீடு கட்டுறதும் நின்னு போச்சு. பல வீட்டை ஜன்னல் ஜன்னலாக் கழட்டி வித்தது அப்புறம்தான்.

சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆச்சி: கேள்வி இல்ல. கொத்தமங்கலத்துல எங்க ஐயா வீடு. அவுக வட்டிக்கடை வச்சது உண்மைதான். கோயில், பள்ளிக்கூடம், ஊருணி வெட்டினதும் அதே பணம்தான். எங்களைக் கொள்ளைக்காரங்க மாதிரிப் பேசுறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

ஆச்சி, உங்களை யாரும் அப்படிச் சொல்லல, சொல்லவும் விடமாட்டேன். காரைக்குடியில அழகப்ப செட்டியார் கொடுத்த நிலத்துலயும் பணத்துலயும் எழுந்த கல்லூரிங்கள்ல படிச்சவங்க எங்க வீட்டுலயே இருக்காங்க. கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுசு முழுக்கச் சேர்த்த புத்தகங்கள் இன்னைக்குச் சென்னையில ஆராய்ச்சி நூலகமா நிக்குது. ரெண்டும் உண்மை.

என் பங்குக்கு ஒண்ணு. பணம் உங்க ஐயா கொடுத்தது, கை எங்க தாத்தாமாரோடது. கொத்தனார், தச்சர், கல் தச்சர் பேரு எந்தச் சுவர்லயும் இல்ல. வர்றவங்க சுவரைத் தொட்டுப் பார்க்குறப்ப அவங்களையும் ஒரு நிமிஷம் நினைச்சா எனக்குப் போதும்.

கேள்வி (மதுரை): யுனெஸ்கோ பட்டியல்ல செட்டிநாடு இருக்கா?

தற்காலிகப் பட்டியல்ல 2014-லிருந்து இருக்கு. அதுக்கு அப்பால இன்னும் போகல.

கேள்வி (ஈரோடு): ரெண்டு நாள் போதுமா? என்ன பார்க்கலாம்?

மேல படிச்சுட்டுக் கேளுங்க தம்பி. மூணாவது தடவை இது. பகல் 12-லிருந்து 4 நடை சாத்தியிருக்கும்ங்கிறதையும் சேர்த்துப் படிங்க.

கேள்வி (சென்னை): முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் வாங்கலாமா?

எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, மர அஞ்சறைப்பெட்டி தாராளமா வாங்குங்க. நிலை, தூண், கதவு வேண்டாம். நீங்க ஒரு நிலை வாங்கினா, அடுத்த நிலைக்காக இன்னொரு வீட்டை இடிப்பாங்க. பழசு வேணும்னா புதுசாச் செய்யச் சொல்லுங்க. கண்டாங்கிச் சேலை வாங்குங்க, 2019-ல புவிசார் குறியீடு வாங்கினது. பனையோலைக் கொட்டான் (கூடை) வாங்குங்க, பின்னுற பொம்பளைங்களுக்குக் கூலி போய்ச் சேரும்.

கேள்வி (வேலூர்): அப்பாவுக்கு 78 வயசு, மூட்டு வலி. கூட்டிட்டு வரலாமா அண்ணே?

கட்டாயம் கூட்டிட்டு வாங்க. குன்றக்குடி படியும் திருமயம் கோட்டை ஏத்தமும் அவருக்கு வேண்டாம். வீடுகள்ல நிலைப்படி உயரமா இருக்கும், ஒரு கையைப் பிடிச்சுக்கங்க. முகப்புல பட்டாலையில உட்கார வச்சுட்டீங்கன்னா எழுந்திரிக்க மனசு வராது அவருக்கு. கார்த்திகை கடைசியிலிருந்து மாசி வரைக்கும் வாங்க. அப்பன்னா வேட்டங்குடியில பறவைங்களும் இருக்கும். அதுங்க பயந்துரக் கூடாதுன்னு தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. வேட்டங்குடி நம்ம திருப்பத்தூர் பக்கம், உங்க ஊர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்ல, டிரைவர்கிட்ட சிவகங்கை மாவட்டம்னு சேர்த்துச் சொல்லுங்க. தை 3 மட்டும் தவிருங்க, சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூட்டம் ரோட்டை அடைச்சுரும்.

கேள்வி (ஓசூர்): கல்யாணத்துக்கு முந்தின போட்டோ ஷூட்டுக்கு ஆத்தங்குடி அரண்மனை கிடைக்குமா?

வீடு. வீட்டுக்காரங்ககிட்ட கேளுங்க.

சிங்கப்பூர் ஆச்சி மறுபடியும்: தம்பி, ஆவணியில ஊருக்கு வர்றேன். ரெண்டாங்கட்டுல வடக்கு மூலையில சுவர் ஓதம் அடிச்சுக் கறுத்திருக்குன்னு காவக்காரர் சொன்னாரு. பூச்சு போயிருச்சா?

சுவர்ல தெரிஞ்சாலும் கோளாறு மேல இருக்கும் ஆச்சி. ரெண்டு கூரை சேர்ற பள்ளத்துல இலை அடைச்சு, தண்ணி திரும்பிச் சுவர்ல இறங்கும். காவக்காரரை மேல ஏற வேண்டாம்னு சொல்லுங்க, ஓட்டுல எங்க கால் வைக்கணும்னு தெரியாதவங்க ஏறினா பத்து ஓடு உடையும். சுவர்ல இப்ப எதையும் பூச வேண்டாம், காயட்டும். நீங்க வந்த மறுநாள் நான் ஏணியோட வர்றேன். ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சுரலாம். ரெண்டாங்கட்டுச் சாவி யார்கிட்ட இருக்குன்னு மட்டும் இப்பவே விசாரிச்சு வையுங்க.