கல்லூரி வளாகத்தில் மாலை ஷிஃப்ட் பராமரிப்பு வேலை: ஐடிஐ முடித்த தம்பியை அனுப்பலாமா?

ஐடிஐ எலெக்ட்ரீஷியன் பிரிவை முடித்த தம் தம்பிக்கு ஒரு கல்லூரியில் மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரையிலான பராமரிப்பு வேலை கிடைத்திருக்கிறது என்றும், பல்பு மாற்றுவதைத் தவிர அதில் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றும், சேரலாமா என்றும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மதுரைக்குத் தெற்கே ஒரு பொறியியல் கல்லூரியில் இதே ஷிஃப்டில் நான் 11 ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். சேரலாம் என்பதே என் பதில். ஆனால் எதற்காகச் சேர வேண்டும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பகல் ஷிஃப்டில் மின் மேற்பார்வையாளர், பிளம்பர், ஏசி மெக்கானிக், உதவியாளர்கள் என்று ஆள் இருப்பார்கள். எதைக் கேட்பதானாலும் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். ஐந்து மணிக்குக் கல்லூரிப் பேருந்துகள் வாசலைக் கடந்ததும் அவர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிடுவார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்கள் விடுதி, ஒரு பெண்கள் விடுதி, மெஸ், நூலகம், நீரேற்றும் மோட்டார்கள், ஜெனரேட்டர் ஆகிய எல்லாவற்றுக்கும் மாலை ஷிஃப்டில் இருக்கும் ஒருவரோ இருவரோதான் பொறுப்பு. அந்த நேரத்தில்தான் விடுதிகளில் மின்சுமை ஏறத் தொடங்கும். ஆயிரம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அறைக்குத் திரும்பி விளக்கு, மின்விசிறி, சார்ஜர், மடிக்கணினி என்று எல்லாவற்றையும் போடுவார்கள். மெஸ்ஸில் கிரைண்டர் ஓடும். மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்து மோட்டார் இயங்கும். பகலில் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும் ஒரு கட்டடம் எந்த இடத்தில் நலிந்திருக்கிறது என்பதை முழுச் சுமையில் பார்க்கிற வாய்ப்பு இந்த ஷிஃப்டுக்குத்தான் உண்டு. நான் கற்ற தொழிலில் பெரும்பங்கு அப்படிப் பார்த்துக் கற்றதுதான்.

அன்றாட வேலைகளை ஓரிரு வரியில் சொல்லிவிடலாம். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கப்பாசிட்டர் போயிருக்கும், 2.5 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இரண்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பேன். குழாய் ஒழுகல், கதவுத் தாழ்ப்பாள், கருத்தரங்கக் கூடத்தின் ஒலிபெருக்கி, லிஃப்ட் பாதியில் நின்றால் உள்ளே இருப்பவர்களிடம் பேசிக்கொண்டே பாதுகாப்பாக இறக்குவது என்று மாலை ஓடிவிடும். இவற்றை ஆறு மாதத்தில் யாரும் பழகிக்கொள்ளலாம்.

பழகுவதற்குக் கடினமானது வேறொன்று. மின்னோட்டம் அளவை மீறினால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் விழுந்தால், அதைத் தூக்கிவிடுவதற்கு முன், அது ஏன் விழுந்தது என்று கேட்பது. எங்கள் பழைய விடுதியில் இரண்டு அறைகளுக்குச் சேர்த்து ஒரு 10 ஆம்பியர் எம்சிபி இருக்கிறது. 1500 வாட் கெட்டில் ஒன்று சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு அறையிலும் கெட்டில் வைத்து, ஒருவர் 1000 வாட் அயர்ன் பாக்ஸையும் போட்டால் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். ஓரிரு நிமிடத்தில் எம்சிபி விழும். பிள்ளைகள் வந்து, “அண்ணே, கரண்ட் போச்சு” என்பார்கள். தூக்கிவிட்டுப் போனால் கால் மணி நேரத்தில் மறுபடியும் வருவார்கள். இந்தத் தொல்லைக்கு ஒரு தீர்வாக, எனக்கு முன்பிருந்த யாரோ சில இடங்களில் 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டியிருந்தார்கள். அதன் பிறகு புகாரே வரவில்லை. ஆனால் சுவருக்குள் போவது 1.5 சதுர மி.மீ. வயர். எம்சிபி இருப்பது அந்த வயரைக் காப்பாற்றத்தான். வயர் தாங்கக்கூடியதைப் போல் இரண்டு மடங்குக்கு எம்சிபி போட்டால், எம்சிபி விழுவதற்கு முன்பே குழாய்க்குள் வயரின் உறை உருகத் தொடங்கும். புகார் நின்றுபோன அந்த அறைகள்தான் விடுதியிலேயே ஆபத்தான அறைகளாக இருந்தன. அவற்றைத் தேடிக் கண்டுபிடித்துத் திரும்ப மாற்ற எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் பிடித்தது.

இதைச் சொல்லும் எனக்கும், ஏன் என்று கேட்காமல் விடும் தவறு நேர்ந்தது. 2019 நவம்பரில், செமஸ்டர் தேர்வுகள் நடந்துகொண்டிருந்த சமயம். இரவு 8 மணிக்கு மூன்றாம் மாடியிலிருந்து ஒரு மாணவர் தொலைபேசியில் அழைத்து, “அண்ணே, எங்க ரூம்ல ஃபேன் தானா வேகமாச் சுத்துது, எதிர் ரூம்ல லைட்டு மங்கலா எரியுது” என்றார். ஒரே மாடியில் ஓரிடத்தில் மின்னழுத்தம் ஏறுகிறது, இன்னோரிடத்தில் இறங்குகிறது என்றால் நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் பொதுக் கம்பி, விட்டுப்போயிருக்கிறது என்றுதான் பொருள். நான் ஓடினேன். மாடி பேனலின் (மின் இணைப்புப் பெட்டியின்) முகப்பில் இருந்த டிஜிட்டல் மீட்டர் ஒரு ஃபேஸில் (மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில் ஒன்றில்) 150 வோல்ட்டும், மற்றொன்றில் 305 வோல்ட்டும் காட்டிக்கொண்டிருந்தது. மெயினை இறக்கினேன். மாடி இருண்டது, பிள்ளைகள் சத்தம் போட்டார்கள்.

மூன்று ஃபேஸ் இணைப்பில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 240 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். நியூட்ரல் அறுந்துவிட்டால் மூன்று ஃபேஸ்களின் சுமைகளும் ஒன்றோடொன்று தொடராக இணைந்துவிடும். சுமை குறைவாக இருக்கும் ஃபேஸில் மின்னழுத்தம் 240-ஐத் தாண்டி ஏறும். அதில் இணைந்திருக்கும் சார்ஜரும் அடாப்டரும் அந்த அழுத்தத்துக்கு உருவானவை அல்ல. அன்று 14 சார்ஜர்களும் மூன்று மடிக்கணினி அடாப்டர்களும் ஒரு ரூட்டரும் கருகின. யார் மீதும் மின்சாரம் பாயவில்லை.

கட்டடங்களுக்கெல்லாம் மின்சாரம் பிரிந்து போகும் எல்டி அறைக்குப் போய், அந்த மாடிக்கு மின்சாரம் கொண்டுபோகும் இணைப்பான ஃபீடரை இறக்கி, பூட்டி, ‘ஆள் வேலை செய்கிறார்’ பலகையைத் தொங்கவிட்டுத் திரும்பி வந்து பேனலைத் திறந்தேன். நியூட்ரல் பஸ்பாரில் (கேபிள்களை இணைக்கும் உலோகப் பட்டையில்) வந்து சேரும் அலுமினிய கேபிளின் லக் (கேபிள் நுனியில் பொருத்தும் உலோக முனை) கருத்துப்போயிருந்தது. இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கேபிளின் உறை உருகி, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. போல்ட்டை ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே சுற்ற முடிந்தது. செம்புப் பஸ்பாரில் சாதாரண அலுமினிய லக்கை நேரடியாக முடுக்கியிருந்தார்கள். அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகமாக விரியும். காலையில் கீசர் சுமையில் சூடேறி, நள்ளிரவில் ஆறி, ஒவ்வொரு நாளும் விரிந்து சுருங்கி, அந்த இணைப்பு தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஈரக்காற்றில் இரண்டு உலோகமும் சேரும் இடத்தில் அரிப்பும் கூடியிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமுமாக இருக்கும் பைமெட்டாலிக் லக்கைப் போட வேண்டும்.

அன்று விடுதிக் காப்பாளர் என் அருகில் நின்று, “தம்பி, இப்போதைக்கு முடுக்கிவிட்டுக் கரண்ட்டைக் குடுப்பா, பிள்ளைங்களுக்கு நாளைக்குப் பரீட்சை” என்று கேட்டுக்கொண்டார். அவர் கவலை நியாயமானது. ஆனால் கருகிய லக்கை முடுக்கி மின்சாரம் கொடுத்தால் அது நள்ளிரவில், நான் இல்லாதபோது, மறுபடியும் விட்டுப்போகும். முடியாது என்று சொன்னேன். மாணவர்களை மெஸ்ஸில் உட்கார்த்திப் படிக்க வைக்கும்படியும், அங்கே ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டார். கேபிளைக் கருகாத இடம்வரை வெட்டி, ஸ்டோரைத் திறக்கச் செய்து சரியான லக்கை எடுத்து, கிரிம்ப் செய்து (கேபிளோடு இறுக அழுத்திப் பொருத்தி), மூன்று ஃபேஸ் இணைப்புகளையும் சோதித்து மின்சாரம் கொடுக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று.

இதில் என் தவறு என்னவென்று மறுநாள்தான் தெரிந்தது. லாக் புக்கைப் பின்னோக்கிப் புரட்டியபோது, அதற்கு முந்தைய 12 நாட்களில் அதே மாடியின் மூன்று அறைகளிலிருந்து ‘டியூப் லைட் மினுக்குகிறது, மாற்றப்பட்டது’ என்று மூன்று பதிவுகள் இருந்தன. மூன்றும் வெவ்வேறு கையெழுத்து. அவற்றில் ஒன்று என்னுடையது. மூன்று பேரும் விளக்கை மாற்றினோம். மூன்றையும் சேர்த்து ஒருவரும் வாசிக்கவில்லை. தளர்ந்துகொண்டிருந்த நியூட்ரல் பன்னிரண்டு நாட்களாக எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, ஷிஃப்டுக்கு வந்ததும் முதலில் முந்தைய 15 நாள் பதிவுகளை அறைவாரியாக இல்லாமல் மாடிவாரியாகவும் ஃபீடர்வாரியாகவும் வாசிக்கிறேன். பத்து நிமிட வேலைதான். அப்படி வாசித்ததால் மட்டும் அதன் பிறகு இரண்டு தளர்ந்த இணைப்புகளை முன்கூட்டியே பிடித்திருக்கிறேன்.

பாதுகாப்புக் கருவியைத் தாண்டி நேரடியாக இணைத்துக் கொடுக்கும்படி மாலை நேரத்தில் அடிக்கடி கேட்பார்கள். தம்பி இதற்கு இப்போதே மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். குளியலறைக் கீசரில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும். அது திரும்பத் திரும்ப விழுகிறது என்றால் பெரும்பாலும் கீசரின் ஹீட்டர் சுருளில் கசிவு இருக்கும். ஈரக்கையோடு நிற்கும் ஒரு பிள்ளையின் உயிரை அந்தச் சின்னக் கருவி காத்துக்கொண்டிருக்கிறது. அதேபோல் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில், மூன்று ஃபேஸில் ஒன்று வராதபோது மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரை, தண்ணீர் அவசரத்தில் ஷார்ட் செய்துவிடச் சொல்வார்கள். இரண்டு ஃபேஸில் ஓடும் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்து, அதன் வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) கருகும். அதன் பிறகு குழாயோடு மேலே ஏற்றி, ரீவைண்டிங் செய்து இறக்கும்வரை விடுதிக்கு லாரித் தண்ணீர்தான். இந்த இரண்டு இடத்திலும் மறுத்ததற்காக என்னிடம் சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் காரணத்தை நிதானமாக விளக்கிச் சொன்ன பிறகு எந்தக் காப்பாளரும் வற்புறுத்தியதில்லை.

வேலையில் சேரும் முன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவையும் உண்டு. இப்படிப்பட்ட பணிகள் பெரும்பாலும் ஒப்பந்ததாரர் மூலமாகவே தரப்படுகின்றன. அப்படியானால் பிஎஃப் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தில் பிடிக்கும் 12 விழுக்காடு கணக்கில் ஏறுகிறதா என்று மாதாமாதம் கைபேசியில் பார்க்கச் சொல்லுங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ பற்றியும் கேளுங்கள். நான் முதலில் வேலை செய்த ஓர் இடத்தில் எட்டு மாதம் பிஎஃப் பிடித்தார்கள், கட்டவில்லை. அந்தப் பணம் எனக்குத் திரும்ப வரவே இல்லை. அடுத்ததாக, மாலையில் தனி ஆளாக வைக்கிறார்களா என்று கேளுங்கள். ஏணியில் ஏறும்போதும் பேனலைத் திறக்கும்போதும் கீழே ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். உதவியாளர் இல்லையென்றால் செக்யூரிட்டியையாவது கூப்பிட்டுக்கொள்ளும் அனுமதியை முதல் நாளே பெற்றுவிட வேண்டும். கையுறை, வயர் உறையின் காப்பைச் சோதிக்கும் மெக்கர், மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டர் ஆகியவற்றை நிறுவனம் தருகிறதா என்பதும் முக்கியம். வெறும் டெஸ்டரையும் ஸ்க்ரூ டிரைவரையும் கொடுத்து அனுப்பும் இடத்தில் சேர வேண்டாம் என்றே சொல்வேன்.

மேற்படிப்பைப் பற்றியும் யோசியுங்கள். ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்றாலும், பகுதிநேர டிப்ளமோ வகுப்புகள் மாலையில்தான் நடக்கும் என்பதால் இந்த ஷிஃப்ட் அதற்கு இடம் தராது. ஆனால் காலை முழுவதும் கையில் இருக்கிறது. மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்வதற்கு அந்தக் காலை நேரம் உதவும். பின்னாளில் சொந்தமாக வேலை எடுக்க நினைத்தால் அது தேவைப்படும்.

இந்த ஷிஃப்ட் பறித்துக்கொள்வதையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை. நான் வீடு திரும்பும்போது என் மகள் தூங்கியிருப்பாள். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, மாலை ஆறு மணிக்கு மேல் நடக்கும் எதிலும் என்னைப் பார்க்க முடியாது. முதல் இரண்டு ஆண்டுகள் இது எனக்குக் கடினமாக இருந்தது. பிறகு அவளைக் காலையில் பள்ளிக்குக் கொண்டுவிடுவதை என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். தம்பிக்குத் திருமணம் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; ஐந்தாறு ஆண்டு இந்த ஷிஃப்டில் தொழில் கற்றுக்கொண்டு பகலுக்கு மாறுவது நல்லது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எல்டி அறையிலிருந்து எந்த ஃபீடர் எந்தக் கட்டடத்தின் எந்த மாடிக்குப் போகிறது என்பதைத் தானே நடந்து பார்த்து, ஒரு நோட்டில் தன் கைப்பட வரைந்துகொள்ளட்டும். பேனல் கதவில் ஒட்டியிருக்கும் படம் கட்டடம் கட்டிய நாளில் வரைந்ததாக இருக்கலாம். அதன் பிறகு எத்தனையோ இணைப்புகள் மாறியிருக்கும். 2019-இல் அந்த இரவு நான் எந்த ஃபீடரை இறக்க வேண்டும் என்று யோசிக்காமல் ஓட முடிந்தது, அப்படி வரைந்து வைத்திருந்த ஒரு நாற்பது பக்க நோட்டால்தான்.