பாதைக்கு ஆறு நாள், ஆற்றுக்கு ஒரு நாள்

கேள்வி: வணக்கம் அக்கா. செப்டம்பர் முதல் வாரம் நானும் மனைவியும் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். மழைக்காட்டில் நடக்கத் தொடங்கி, மலைமுகட்டில் ஏறி, வேறொரு பள்ளத்தாக்கு வழியாகத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர ஆசை. குவினால்ட் பக்கத்து ஸ்கைலைன் பாதை வரைபடத்தில் அழகான வளையமாகத் தெரிகிறது. சுமார் 45 மைல். எங்களுக்கு நாலு நாள் லீவு. நாளைக்கு 11 மைல் நடந்தால் முடிந்துவிடும்தானே? டென்ட் அடித்துத் தங்கிய அனுபவம் இரண்டு மூன்று முறை உண்டு.
(பீவர்ட்டன் வாசகர்)

பதில்: தம்பி, இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். அந்தப் பூங்காவில் எனக்கு மிகப் பிடித்த நடை அது. நாள் கணக்குதான் ஒத்துவராது.

நாளைக்கு 11 மைல் என்பது ஆற்றங்கரைப் பாதையில் முடியும். அங்கே தரை மெத்து மெத்தென்று இருக்கும், ஏற்றம் தெரியாது. ஸ்கைலைன் அப்படி இல்லை. கடல் மட்டத்திலிருந்து 500 அடி சொச்சத்தில் காரை நிறுத்திவிட்டு 5,000 அடிக்கு மேல் ஏறுகிறீர்கள். அதோடு விடாது. முகட்டின் மேல் இறங்குவதும் ஏறுவதுமாகவே பாதை போகும். சில இடங்களில் பாதையே இருக்காது. யாரோ அடுக்கிவைத்த கல் குவியலைப் பார்த்து, அங்கிருந்து அடுத்த குவியலைத் தேடி நடக்க வேண்டும். மணிக்கு ஒரு மைல் நடந்தாலே அங்கே நல்ல வேகம். ஆறு நாள் வேண்டும். கையில் இன்னொரு நாளும் வேண்டும், அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எந்தத் திசையில் சுற்றுவது என்று நீங்கள் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியதே அதுதான். குவினால்ட் ஆற்றின் வடக்குக் கிளையோரமாக 16 மைல் ஏறி லோ டிவைட் கணவாயைப் பிடித்து, முகடு வழியாகத் திரும்பலாம். அல்லது ஐர்லி ஏரிப் பக்கம் தொடங்கி, த்ரீ லேக்ஸ் வழியாக முகட்டில் ஏறி, லோ டிவைடில் இறங்கி, ஆற்றோரமாக வெளியே வரலாம். இரண்டு தொடக்கமும் ஒரே சாலையில் பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன.

முகடு முதலில் என்பது என் கட்சி. வானிலை அறிக்கையை இரண்டு மூன்று நாளுக்கு நம்பலாம், ஐந்தாம் நாளுக்கு நம்ப முடியாது. அதனால் அறிக்கை சூடாக இருக்கும்போதே மேலே போய்விட வேண்டும். நான் முதல் முறை போனது செப்டம்பர் மூன்றாம் வாரம். ஆற்றுப் பக்கமாக ஏறி, நாலாம் நாள் முகட்டில் நின்றபோது கடல் பக்கமிருந்து மூடுபனி வந்தது. அடுத்த கல் குவியல் எனக்கு முப்பது அடி தள்ளித்தான் இருந்தது. அதை மறுநாள் காலை வெளிச்சத்தில்தான் பார்த்தேன். அன்று சாயங்காலம் அந்த முப்பது அடி நடக்கத் தைரியம் வரவில்லை. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மூன்று மணி நேரம் ஒரு பாறையடியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு இருந்த இடத்திலேயே டென்ட் அடித்தேன். விடிந்ததும் முகட்டில் மேற்கொண்டு போகாமல், வந்த வழியே இறங்கிவிட்டேன். அன்று வளையம் பாதியில் நின்றது. அந்த முடிவில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

ஆனால் முகடு முதலில் என்று வைத்தால் ஆறு கடைசியில் வரும். லோ டிவைடிலிருந்து இறங்கும் வழியில், சிக்ஸ்டீன் மைல் முகாமுக்கு அருகில் ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். பாலம் கிடையாது. கோடைக் கடைசியில் தண்ணீர் குறைவாக இருக்கும், பெரும்பாலும் முழங்கால் அளவுதான். ஆனால் மேலே ஒரு ராத்திரி நன்றாகப் பெய்துவிட்டால் அதே ஆறு உங்களை அக்கரையில் நிறுத்திவைக்கும். அந்த ஏழாவது நாள் அதற்குத்தான். ஒரு நாள் சாப்பாட்டைக் கூடுதலாக வைத்துக்கொண்டு, மழை விட்டதும் வடியும்வரை காத்திருந்து, மறுநாள் காலையில் கடந்து போங்கள். பனி உருகி வரும் ஆறுகளில் காலையில்தான் தண்ணீர் குறைவு. பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். கால் வழுக்கினால் பையை உதறிவிட்டு எழ வேண்டும். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது என்பதற்காக யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

லோ டிவைடில் ஒரு ராத்திரி கட்டாயம் தங்குங்கள். 1889 டிசம்பரில் சியாட்டில் பிரஸ் என்ற பத்திரிகை, ஜேம்ஸ் கிறிஸ்டி என்பவர் தலைமையில் ஒரு குழுவை இந்த மலைகளைக் கடக்க அனுப்பியது. எல்வா ஆற்று வழியாக நுழைந்து, இந்தக் கணவாயைத் தாண்டி, குவினால்ட் பக்கம் அவர்கள் வெளியே வந்தபோது 1890 மே ஆகிவிட்டது. நடுக்குளிர்காலத்தில் கிளம்பியதுதான் அத்தனை பாடுக்கும் காரணம். பக்கத்தில் நிற்கும் மவுண்ட் கிறிஸ்டி அந்தத் தலைவரின் பெயரில்தான் இருக்கிறது.

சரி, லீவு நாலு நாளைத் தாண்டாது என்றால் ஸ்கைலைனை அடுத்த வருஷத்துக்கு வைத்துவிட்டு, அதே பூங்காவின் வடக்கே சோல் டக் பள்ளத்தாக்கிலிருந்து ஹை டிவைட் சுற்றைப் போடுங்கள். சுமார் 19 மைல். மூன்று ராத்திரிக்குத் தாராளம். பழங்காட்டில் தொடங்கி, சோல் டக் அருவியைத் தாண்டி, டீர் லேக் வழியாக ஏறினால் செவன் லேக்ஸ் பேசின். முகட்டில் நின்றால் ஒரு பக்கம் ஏரிகள், மறுபக்கம் ஹோ ஆற்றுப் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் 7,980 அடி உயரத்தில் ஒலிம்பஸ் மலையும் அதன் மேல் ப்ளூ பனியாறும். இதைக் குறைந்த நடை என்று நினைக்காதீர்கள். முதல் வளையத்துக்கு நான் யாருக்கும் சொல்வது இதைத்தான். ஆட்கள் அதிகம் வருகிற இடம் என்பதால் தங்குமிட அனுமதிக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 8 டாலர், அனுமதிச் சீட்டுக்குத் தனியாக 6 டாலர்.

கேள்வி: மழைக்காடு என்கிறீர்கள். ஆவணி மாதத்தில் நனைந்துகொண்டேதான் நடக்க வேண்டுமா?
(டகோமா வாசகி)

பதில்: நம் ஊர் மலைக்காடுகளை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். இங்கே தலைகீழ். ஹோ காட்டில் வருஷத்துக்குச் சுமார் 140 அங்குலம் மழை, ஆனால் அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில் கொட்டித் தீர்த்துவிடும். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேற்குச் சரிவிலேயே மழையாக இறங்கிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஸ்க்விம் ஊரில் 16 அங்குலம் போல்தான். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை இந்தக் காடுகளும் கொஞ்சம் காய்கின்றன. அதற்காக மழைக்கோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பருத்தித் துணி மட்டும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். முகட்டில் செப்டம்பர் ராத்திரி உறைநிலையைத் தொடக்கூடும்.

கேள்வி: கோடைக் கடைசியில் கரடிகள் கீழே இறங்குமாமே? சாப்பாட்டை எப்படி வைத்துக்கொள்வது? நாங்கள் சைவம்.
(முதல் கேள்வி கேட்ட வாசகரின் மனைவி)

பதில்: ஒலிம்பிக்கில் கருங்கரடி மட்டும்தான் உண்டு, கிரிஸ்லி கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் மேட்டு நிலங்களில் ஹக்கிள்பெர்ரி பழுக்கும். கரடியின் கவனம் முழுக்க அதில்தான். கரடியைப் பார்த்தால் நின்று, குரல் கொடுத்து, விலகி வழி விடுங்கள். எந்த விலங்கிடமிருந்தும் 50 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. செப்டம்பரில் நான் அதிகம் ஒதுங்கிப் போவது எல்க் மானைக் கண்டுதான். அது இணை தேடும் காலம். ஆண் எல்க்கின் கூவல் விசில் மாதிரி மேலே ஏறி, கரகரத்து முடியும். அந்தச் சத்தம் பக்கத்தில் கேட்டால் பாதையை விட்டு விலகிச் சுற்றிப் போங்கள்.

சாப்பாட்டுக்குக் கரடி டப்பா. திருகு மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் டின் அது. செவன் லேக்ஸ் பகுதியில் கட்டாயம். மற்ற இடங்களிலும் எடுத்துப் போங்கள். பல் பசை, சன் ஸ்கிரீன், ஊறுகாய்ப் பொட்டலம், வாசனை வரும் எல்லாமே அதற்குள் போக வேண்டும். அதனால்தான் நான் ரவை உப்புமாவை நம்புகிறேன். வீட்டிலேயே கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, ரவையைச் சேர்த்துச் சிவக்க வறுத்து, ஆறியதும் ஒரு வேளைக்கு ஒரு பை என்று காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டிவிடுவேன். தட்டையாக அடுக்கினால் டப்பாவில் இடமும் மிச்சம். கொதிக்கிற தண்ணீரில் கொட்டி மூடி வைத்தால் போதும், கேஸும் குறைவாகச் செலவாகும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ஆகஸ்டில் ஹோ ஆற்றில் நேராக வடிகட்டியை வைத்துத் தண்ணீர் எடுத்தேன். பனியாறு பாறையை அரைத்துக் கொண்டுவருகிற மாவு அந்தத் தண்ணீரில் கலந்திருக்கும், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி சாம்பல் வெள்ளையாக இருக்கும். இரண்டாவது பாட்டில் நிறைவதற்குள் வடிகட்டி அடைத்துவிட்டது. பக்கத்து ஓடைகளில் தெளிந்த தண்ணீர் எடுங்கள். வேறு வழியில்லை என்றால் ராத்திரி முழுக்கப் பாத்திரத்தில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வடிகட்டுங்கள்.

கேள்வி: ஈரமான காட்டில் கேம்ப் ஃபயர் போடலாமா?
(டகோமா வாசகி)

பதில்: 3,500 அடிக்கு மேல் எப்போதுமே கூடாது. கீழேயும் கோடைக் கடைசியில் தடை வரலாம், கிளம்பும்முன் கேட்டுவிடுங்கள். ஈரக்காடு எரியாது என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். 2015-ல் மின்னல் விழுந்து குவீட்ஸ் பள்ளத்தாக்கு மழைக்காட்டிலேயே தீப்பிடித்து மாதக்கணக்கில் எரிந்தது. மரத்தில் தொங்கும் காய்ந்த பாசிப் படலம் வழியாகத் தீ உச்சிவரை ஏறியது. எனக்கு ஸ்டவ் போதும்.

கேள்வி: மழைக்காட்டில் எல்லாம் ஒரே பச்சை. வேகமாகக் கடந்து மலைக்குப் போய்விடலாமா?
(ஒலிம்பியா வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. விழுந்து கிடக்கும் ஒரு பெரிய மரத்தருகில் மண்டியிட்டுப் பாருங்கள். கீழே தரையில் பாசியும் பெரணியும் நெருங்கிக் கிடப்பதால் ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் விதைகளுக்கு வேர் பிடிக்க இடமில்லை. அவை விழுந்த மரத்தின் முதுகில் முளைக்கின்றன. செவிலி மரம் என்று அதைச் சொல்லலாம். நான் ஒரு முழ நீளத்தில் நாற்பது நாற்றுகளுக்கு மேல் எண்ணினேன், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம். அதே காட்டில் கொஞ்சம் தள்ளி நாலைந்து பெரிய மரங்கள் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் நின்றன. அடிமரத்தில் வேர்கள் கால்களைப் போலப் பிரிந்து நடுவில் ஒரு பொந்து விட்டிருந்தன. அவற்றைச் சுமந்த மரம் மக்கிப்போன இடம் அது. கையை உள்ளே விட்டால் தோள்வரை போகிறது.