வாசகர் கேள்வி – பதில்: பாடம் கடகடவென்று வருகிறது, பஸ் போர்டு வரவில்லை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா, இல்லையா? தேர்வுப் பேப்பர் வீட்டுக்கு வந்த நேரம் போல. தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலுமாகப் பல வருஷம் சாக்பீஸ் பிடித்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தை நிறுத்தாமல் வாசிக்கிறாள், மார்க்கும் நன்றாகத்தான் வாங்குகிறாள். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் 'வத்தலக்குண்டு' போர்டைக் காட்டி என்ன ஊர் என்று கேட்டேன், திருதிருவென்று முழித்தாள். இவளுக்கு வாசிக்கத் தெரியுமா, தெரியாதா டீச்சர்?
– ஒரு தாய், திண்டுக்கல்

பாவம், வத்தலக்குண்டு கொஞ்சம் கடினமான போர்டுதான், மூன்று இடத்தில் புள்ளி வைத்த எழுத்து இருக்கிறது. ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானது. வகுப்பில் இருபது தடவை சேர்ந்து சொன்ன பாடம் காதிலேயே தங்கிவிடும், படத்தைப் பார்த்ததும் முதல் வரி தானாக வாயில் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனுக்கு 'நன்றாக வாசிக்கிறான்' என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன். ஒருநாள் ஜன்னல் காற்றில் அவன் புத்தகம் பக்கம் மாறிவிட்டது, அவன் பாட்டுக்குப் பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

அதனால் முதல் விதி, பாடப்புத்தகத்தில் இல்லாத, அவள் இதுவரை கேட்காத எழுத்தைக் கொடுங்கள். சிறுவர் இதழிலிருந்து எளிய நாலு வரி ஒன்று, எட்டுப் பத்து வரியில் குட்டிக் கதை ஒன்று போதும். முதலில் நாலு வரியைக் கொடுங்கள். சரளமாக வந்தால் கதைக்குப் போங்கள். திணறினால் கீழே இறங்கித் தனிச் சொற்கள், அதுவும் வராவிட்டால் தனி எழுத்துகள். 'பிரதம்' என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகப் போய் நடத்தும் 'அசர்' கணக்கெடுப்பிலும் இதே ஏணிதான்: எழுத்து, சொல், பத்தி, கதை. சொல் படியில் ஐந்தில் நான்கு சரியாக வந்தால் அந்தப் படியில் நிற்கிறது பிள்ளை என்று அர்த்தம்.

இதில் எந்தப் படி என்பதைவிட எப்படித் தவறுகிறாள் என்பதுதான் எனக்கு முக்கியம். அதே பகுதியை நீங்கள் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள் (எதிரில் உட்கார்ந்தால் பரீட்சை மாதிரி ஆகிவிடும்). அவள் தப்பாகச் சொல்வதை அந்தச் சொல்லின் மேலே அப்படியே எழுதுங்கள், விட்டதைக் கோடு போடுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். திருத்தாமல் இருப்பது அம்மாக்களுக்கு ரொம்பக் கஷ்டம், தெரியும். 'பால்' என்பதைப் 'பல்' என்றால் குறில் நெடில் இன்னும் பிடிபடவில்லை. 'பட்டம்' 'படம்' ஆனால் ஒற்றெழுத்தை விழுங்குகிறாள். 'மரத்தில்' என்பதை 'மரங்கள்' என்றால் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறாள். 'கெ', 'கொ' வரிசையில் தடுமாறினால் கொம்புதான் பிரச்சினை. தமிழில் அந்தக் குறியை எழுத்துக்கு முன்னால் எழுதுகிறோம், ஆனால் ஒலி பின்னால் வருகிறது, 'கொ'வில் முன்னாலும் ஒன்று பின்னாலும் ஒன்று. ஏழு வயதுப் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? 247 எழுத்தையும் மறுபடி எழுதவைத்துப் பிள்ளையைத் தண்டிப்பதைவிட, அந்த ஒரு வரிசையை மட்டும் ஒரு வாரம் விளையாட்டாகப் பாருங்கள்.

வாசித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, 'என்ன நடந்துச்சு, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். வரிசை முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை, கதையைத் தன் சொல்லில் சொல்கிறாளா என்பதுதான் கணக்கு.

அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் வகுப்பு எடுக்கிறேன். 'வந்தது' என்று இருப்பதை 'வந்துச்சு' என்று வாசிக்கும் பிள்ளைகளுக்குத் தவறு போடுவதா? இன்னொன்று, முப்பது பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்க நேரம் எங்கே இருக்கிறது அம்மா?
– தொடக்கப் பள்ளி ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

தவறு போடாதீர்கள். யோசித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளை 'வந்தது' என்பதைக் கண்ணால் வாசித்து, பொருளைப் பிடித்து, தன் வீட்டுத் தமிழில் திருப்பிச் சொல்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையால் அது முடியாது. 'மழை' 'மளை' ஆவதும் அப்படித்தான், பல ஊர்களில் பெரியவர்கள் நாக்கிலேயே ழகரம் இல்லை. உச்சரிப்பைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள், வாசிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் 'வந்தது' 'வந்தான்' ஆனால் அது வேறு கதை, அதைக் குறியுங்கள்.

நேரம் பற்றி. தினம் மூன்று பிள்ளைகள், ஆளுக்கு நாலு நிமிஷம். மற்றவர்கள் எழுதும்போது ஒரு மூலையில் உட்கார்ந்து கேளுங்கள், இரண்டு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. உங்கள் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று 2022-இல் பிரிக்கத் தொடங்கியது நல்ல யோசனைதான், ஆனால் ஜூனில் அரும்பில் எழுதிய பேர் மார்ச்சிலும் அங்கேயே இருந்தால் அது அளவீடு இல்லை, பட்டப்பெயர். செயலியில் பதிவேற்றும் வேலை இருக்கும், அதை மறுக்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், தேதி, 'ஒற்று விடுகிறான்'. அவ்வளவுதான். மறுநாள் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லப்போவது அந்த நோட்டுதான்.

மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் நிமிஷத்துக்கு 60 சொல் வாசிக்க வேண்டுமாமே? மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன், என் பையன் தமிழில் 40-ஐத் தாண்டவில்லை, ஆங்கிலத்தில் அதைவிடக் கூட வருகிறது.
– ஒரு தந்தை, சென்னை

2021-இல் மத்திய அரசு தொடங்கிய 'நிபுன் பாரத்' திட்டத்தில் மூன்றாம் வகுப்புக்கு அந்த 60 இருக்கிறது, ஆனால் பொருள் புரிந்து வாசிப்பதோடு சேர்த்து. அந்த இரண்டாவது பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அப்புறம், சொல் என்பது எல்லா மொழியிலும் ஒரே நீளமா என்ன? 'போய்க்கொண்டிருந்தார்கள்' தமிழில் ஒரே சொல், இதையே ஆங்கிலத்தில் சொல்ல மூன்று சொல் வேண்டும். உங்கள் பையன் ஒரு சொல்லுக்குள் பன்னிரண்டு எழுத்தைத் தாண்டி வருகிறான், ஸ்டாப்வாட்சுக்கு அது தெரியாது. தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டாம், ஜூலையில் வாசித்த தமிழையும் நவம்பரில் வாசிக்கும் தமிழையும் ஒப்பிடுங்கள். மொபைலை அவன் கண்ணில் படாமல் வையுங்கள். வேகம் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் முற்றுப்புள்ளியில் நிற்காமல் ஓடுவான்.

ஒவ்வொரு எழுத்தாக உடைத்து வாசித்தால் மட்டும் கவலைப்படுங்கள். வரியின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும்.

ஏழாம் வகுப்புப் பையன். சத்தமாக வாசிக்கச் சொன்னால் தப்பே இல்லை. அறிவியல் பாடத்தில் ஒரு பத்தி வாசித்துவிட்டு என்ன புரிந்தது என்றால் ஒன்றும் சொல்வதில்லை. விளையாட்டுப் புத்தி என்கிறார்கள்.
– ஒரு தாய், நாகர்கோவில்

நடுநிலைப் பள்ளியில் நான் அதிகம் பார்த்தது இந்த வகைதான், கண்ணில் படாமல் தப்பிப்பதும் இவர்கள்தான், ஏனென்றால் வாய் சரியாக வாசிக்கிறது. காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் ஒரு எளிய கணக்கு சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பத்தியை அவனே வாசிக்கட்டும், கேள்வி கேளுங்கள். இன்னொரு நாள் அதே அளவுக் கடினமான வேறு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேளுங்கள். காதால் கேட்டால் புரிகிறது, தானே வாசித்தால் புரியவில்லை என்றால், அவன் சக்தியெல்லாம் எழுத்திலேயே செலவாகிறது, சரளம் போதவில்லை. இரண்டிலும் புரியவில்லை என்றால் வாசிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தச் சொற்களும் விஷயமும் அவனுக்குப் புதிது. 'ஆவியாதல்', 'கரைபொருள்' எல்லாம் எந்த வீட்டுத் திண்ணையில் புழங்குகிறது?

விஷயம் தெரிவது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு அமெரிக்காவில் 1988-இல் வந்த ஓர் ஆய்வு உண்டு. ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய பகுதி ஒன்றைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கினாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிப்பார்கள் ஆனால் பேஸ்பால் தெரியாது என்ற பிள்ளைகளைவிட அதிகம் நினைவில் வைத்துச் சொன்னார்கள். நம் ஊரில் கிரிக்கெட் செய்தியைக் கொடுத்துப் பாருங்கள், விளையாட்டுப் புத்திப் பையன் வகுப்பு லீடரை மிஞ்சுவான். அதனால் ஒரே ஒரு பத்தியை வைத்து யாருக்கும் மதிப்பெண் போடாதீர்கள், மூன்று விதமான விஷயத்தில் மூன்று பகுதி கொடுங்கள்.

கேள்வியும் 'யார், எங்கே, எப்போது' என்றே இருந்தால், புரியாமலே வரியைத் தேடிப் பிடித்து எழுதிவிடலாம். 'இந்த வரியில் "அது" என்று எதைச் சொல்கிறார்கள்?', 'இது நடக்காமல் போயிருந்தால்?' மாதிரிக் கேளுங்கள். 'அது' எது என்று தெரியாமலே பத்துப் பக்கம் வாசித்துவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், நம்புங்கள்.

ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வராது என்று டி.வி.யில் சொன்னார்கள். உண்மையா, மிகையா?
– வாசகர், கரூர்

உண்மைதான். அசர் 2024 அறிக்கையின்படி கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 48.8 சதவீதம் பேர்தான் இரண்டாம் வகுப்பு அளவிலான கதையை வாசித்தார்கள். கொரோனாவுக்கு அப்புறம் 2022-இல் இது 42.8 ஆகச் சரிந்திருந்தது, இப்போது மீண்டிருக்கிறது. அது கிராமங்களை மட்டும் எடுத்த கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி அந்தச் சதவீதம் ஒன்றும் சொல்லாது.

இரண்டாம் வகுப்புப் பேரனுக்கு எழுத்து மாறி மாறி வருகிறது. டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்குமோ?
– ஒரு தாத்தா, தஞ்சாவூர்

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கடிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. முதலில் கண், அப்புறம் காது, இரண்டையும் காட்டுங்கள். கரும்பலகை தெரியாமல் 'மந்தம்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். சரியாகச் சொல்லிக்கொடுத்து ஆறு மாதம் ஆகியும் நகரவில்லை என்றால் குழந்தைகள் உளவியலாளரிடம் போங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது, சான்றிதழ் இருந்தால் தேர்வில் சலுகை உண்டு. அவன் காதுபட 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லைப் பேசாதீர்கள்.

கதை வாசித்து முடித்து ஒரு கேள்வி கேட்டால் போதும், என் மகன் எழுந்து ஓடிவிடுகிறான். எப்படித்தான் பார்ப்பது?
– ஒரு தாய், தேனி

கேட்காதீர்கள். நீங்கள் வாசியுங்கள், அவன் விரல் வைத்துப் பின்தொடரட்டும். நடுவில் 'யானை' இருக்கும் இடத்தில் 'பூனை' என்று வாசியுங்கள். என் பேரன் முதல் நாள் கவனிக்கவே இல்லை. மூன்றாம் நாள், 'ஆச்சி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிங்க' என்றான்.